செருப்பு இரண்டு ஜோடி: விஸ்காம் மாணவர்கள் திரில்லர் குறும்படம் எடுக்கவும் மதிப்பிடவும் ஒரு முழு வழிகாட்டி

கோவைப் பக்கத்தில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், படிக்கும் மாணவர்களின் திரில்லர் குறும்படங்களுக்கு மதிப்பெண் போடுவது என் வேலையில் ஒரு பகுதி. வருடத்துக்கு முப்பது நாற்பது படம் பார்ப்பேன். அதில் பாதி ஒரே படம்தான். ஹூடி போட்ட ஒருவன், கையில் கத்தி, தென்னந்தோப்பில் விழுந்தடித்து ஓடும் ஒரு பெண், கடைசியில் "எல்லாம் கனவு". பொள்ளாச்சியும் ஆனைமலையும் பக்கத்தில் இருப்பதால் வந்த வினை என்று நினைத்துக்கொள்வேன். படம் பளிச்சென்று இருக்கும், கலர் அழகாக இருக்கும். பயம் மட்டும் வராது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். கதையில் வருபவருக்கு என்ன தெரியும், பார்க்கிறவருக்கு என்ன தெரியும், அது எந்த நொடியில் தெரிகிறது என்று யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். கத்தியைக் காட்டினால் பயம் வந்துவிடும் என்று நினைப்பார்கள். கத்தி எங்கள் வீட்டு அடுப்படியிலும் இருக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி "யாருக்கு எப்போது என்ன தெரியும்" என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகும். கதை யோசிப்பதும் ஷாட் பிரிப்பதும் எடிட்டிங்கும், கடைசியில் நீங்கள் எழுத வேண்டிய மதிப்பீட்டுக் கட்டுரையும் அதிலிருந்துதான் வருகின்றன. வகுப்பில் விளக்குவதற்காக நான் கட்டிவைத்த சின்னக் கதை ஒன்று உண்டு. அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக்கூடம். ஆறு தறி. ராத்திரி ஷிஃப்டுக்கு அப்பாவுக்குப் பதிலாக மகன் வருகிறான். அப்பா போன வாரம் பார்க்கக்கூடாத எதையோ பார்த்துவிட்டார் என்பது தொடக்கத்தில் ஒரு போன் பேச்சில் வந்துவிடும். பையன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறான். ஆறு தறி இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நிற்கிறது. ஊடை, அதாவது துணியில் குறுக்கே ஓடும் நூல், அறுந்தால் தறி தானாகவே நிற்கும், அது அன்றாடம் நடப்பது. போய்ப் பார்க்கிறான். அறுந்த நூல் பிசிறு பிசிறாக இருக்க வேண்டும். இது கத்தரித்த மாதிரி இருக்கிறது. அதை யோசிப்பதற்குள் இன்னொரு தறி நிற்கிறது. கரண்ட் போனால் ஆறும் ஒன்றாகத்தானே நிற்கும்? இதற்கு நடுவில் நமக்கு மட்டும் ஒரு ஷாட்: வாசலில் பையனின் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி, பெரியது, ஒழுங்காக ஓரம் சேர்த்து விடப்பட்டிருக்கிறது. கடைசித் தறியும் நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "தம்பி, அப்பா வர்லீங்களா?"

நாலு நிமிடம். ஒரு இடம், ஒரு ராத்திரி, ரெண்டே பேர்.

முதல் படி: அசைன்மென்ட் தாளை வாசியுங்கள்

கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான். எத்தனை நிமிடம், டைட்டில் அந்தக் கணக்கில் சேருமா, முழுக் கதையா அல்லது ஒரு பெரிய படத்தின் தொடக்கக் காட்சி மட்டுமா, ஆளுக்கு எத்தனை பக்கக் கட்டுரை, படத்துக்கு எத்தனை, கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண். இவற்றைத் துறையில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கக் காட்சி கேட்டால் மர்மம் அவிழக்கூடாது. முழுக் கதை கேட்டால் அவிழ வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலை.

குழுவில் நாலு பேர் போதும், ஐந்து பேர் தாராளம். இயக்கம், கேமரா, ஒலி, எடிட்டிங் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். "எல்லாரும் எல்லாம் பண்ணலாம்" என்று ஆரம்பித்த குழுவில் ஒலியை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: கதையை இடத்திலிருந்து எடுங்கள்

கதையை யோசித்துவிட்டு இடம் தேடாதீர்கள். உங்களுக்குச் சும்மா கிடைக்கக்கூடிய இடங்களை எழுதிவிட்டு, அங்கே என்ன தப்பாகப் போக முடியும் என்று யோசியுங்கள். நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. திருப்பூரில் ஷிஃப்ட் முடிந்து லைட் அணைத்த பனியன் கம்பெனி. காங்கேயத்தில் கொப்பரை காயவைக்கும் களம். ஈரோட்டு மஞ்சள் குடோன், மூட்டைகளுக்கு நடுவே ஓராள் மட்டுமே போகக்கூடிய சந்து. நாமக்கல்லில் கோழிப்பண்ணை, அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் சத்தத்தை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். திருச்செங்கோட்டில் வேலையில்லாமல் நிற்கும், போர் போடுகிற ரிக் வண்டிகள். அப்புறம் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வண்டித்தடம், எதிரே ஒருவன் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. திரில்லருக்கென்றே வெட்டின மாதிரி.

அந்த இடத்துத் தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் கதை தானாக வரும். ஊடை அறுந்தால் தறி நிற்கும் என்பது எனக்கு ஒரு தறிக்காரர் போகிற போக்கில் சொன்ன விஷயம். அது தெரியாமல் இருந்தால் நானும் கத்தியைத்தான் தேடிப்போயிருப்பேன்.

வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. மருதமலை, தடாகம், ஆனைகட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் இரவுப் படப்பிடிப்பு வேண்டாம். அங்கே ராத்திரியில் உண்மையாகவே யானை வரும். வனத்துறைக் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம். ரயில்வே இடத்துக்கும் அனுமதி வேண்டும், தண்டவாளத்தில் நடப்பதோ உயிரோடு விளையாடுவது. சுற்றுச்சுவர் இல்லாத கிணற்று மேட்டில் நடிக்க வேண்டாம். பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கும் ஊரில் ட்ரோன் ஷாட் என்று யோசிக்கவே வேண்டாம். திரில்லருக்கு அது தேவையும் இல்லை. மேலிருந்து பார்த்தால் பயம் குறையும்.

மூன்றாம் படி: தெரிதல் அட்டவணை

இதுதான் மொத்த வேலையின் அஸ்திவாரம், திரைக்கதைக்கு முன்னால் வருவது. ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள். கதாநாயகனுக்குத் தெரிவது, எதிராளிக்குத் தெரிவது, பார்வையாளருக்குத் தெரிவது. இடது ஓரத்தில் நிமிடமும் நொடியும். நம் தறிக்கதைக்கு இப்படி வரும்:

0.00 முதல் 0.40: பையனுக்கு இது இன்னொரு ராத்திரி ஷிஃப்ட். அப்பாவுக்கு ஏதோ ஆபத்து என்று பார்வையாளருக்கு அரைகுறையாகத் தெரியும்.

1.10: முதல் தறி நிற்கிறது. பையனுக்கு அது சாதாரணம். பார்வையாளருக்கும் அப்படித்தான்.

1.25: வெட்டிய நூல் முனை. பையனுக்குச் சந்தேகம். பார்வையாளருக்கும் அதே அளவு சந்தேகம்.

1.50: வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. பார்வையாளருக்கு இப்போது பையனைவிட அதிகம் தெரியும். பதற்றம் இங்கே தொடங்குகிறது.

3.20: கடைசித் தறி நிற்கிறது. பையனும் பார்வையாளரும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டார்கள். வந்தவனுக்கு மட்டும் ஒன்று புதிதாகத் தெரிகிறது: இவன் அப்பன் இல்லை, மகன்.

பாருங்கள், 1.50 முதல் 3.20 வரை தொண்ணூறு நொடி. படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை என்ற அந்த இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நேரம் பார்வையாளர் நாற்காலி நுனியில் இருப்பார். செருப்பைக் கடைசியில் காட்டியிருந்தால் ஒரு நொடி தூக்கிவாரிப்போடும், அதோடு சரி. இந்த அட்டவணையில் இடைவெளி எங்குமே இல்லையென்றால் உங்களிடம் திரில்லர் இல்லை. கதையை மாற்றுங்கள்.

தாளில் தேதி போட்டு எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பீடு எழுதும்போது இது தங்கம்.

நான்காம் படி: திரைக்கதையும் பேச்சும்

ஒரு பக்கம் எழுதினால் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்பது பழைய கணக்கு. வசனம் குறைந்த திரில்லரில் அது கொஞ்சம் தப்பும். வாய்விட்டு வாசித்து, நடித்துப் பார்த்து, ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பேச்சைப் பற்றி எனக்கு ஒரு தனி ஆத்திரம் உண்டு. கோபியிலும் தாராபுரத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வில்லனுக்கு மட்டும் சென்னைத் தமிழ் எழுதுகிறார்கள். "இன்னாடா, உயிரோட போயிடுவியா?" என்று அவன் உறுமுகிறான், வகுப்பு சிரிக்கிறது. நம் பேச்சில் இருக்கிற மரியாதையைக் கொஞ்சம் யோசியுங்கள். "பரவால்லீங் தம்பி. அப்பா வர்ற வரைக்கும் இருந்து பாத்துட்டே போறனுங்க." ஒரு மிரட்டல் வார்த்தை இல்லை, ஆனால் முதுகு சில்லிடுகிறது. வந்தவன் செருப்பைக் கழற்றி ஓரம் சேர்த்துவிட்டு உள்ளே வந்தவன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவன் நிதானம் அந்த ரெண்டு செருப்பில் இருக்கிறது.

பையனும் அதே மரியாதையில்தான் பதில் சொல்வான். "இல்லீங்ணா, அப்பாவுக்கு மேலுக்குச் சொகமில்லீங்." தெரியாதவனையும் அண்ணா என்று கூப்பிடும் பழக்கம் இங்கே கதைக்கு வேலை செய்கிறது.

ஐந்தாம் படி: இடம் பார்த்தல், ஷாட் பட்டியல், கால அட்டவணை

படப்பிடிப்பு எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில் இடம் பார்க்கப் போங்கள். பகலில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி படம் எடுக்கப் போனால், பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி அன்றைக்குத்தான் பாடும். இரண்டு நிமிடம் கண்ணை மூடி நின்று கேளுங்கள். பிளக் பாயின்ட் எங்கே, வண்டி எங்கே நிறுத்துவது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஷாட் பட்டியலில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே ஒரு வரி: "இதனால் யாருக்கு என்ன புதிதாகத் தெரிகிறது?" பதில் இல்லாத ஷாட்டை அடித்துவிடுங்கள். நாலு நிமிடப் படத்துக்கு முப்பது முப்பத்தைந்து ஷாட் போதும். செருப்பு ஷாட் இரண்டு முறை வரும், இரண்டும் ஒரே கோணம், ஒரே உயரம், ஒரே லென்ஸ். ஃபிரேம் மாறாமல் இருந்தால்தான் உள்ளே மாறினது கண்ணில் படும். இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள், கேமராவை நகர்த்தவே வேண்டாம்.

இருவர் வரும் காட்சியில் அவர்களுக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமராவை அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் வையுங்கள். கோடு தாண்டினால் யார் யாரைப் பார்க்கிறார் என்று குழம்பும்.

சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்திய டி.ஆர்.சுந்தரம் கறாரான திட்டமிடலுக்குப் பேர் போனவர். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் நுழைவு வளைவைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னிக்கு வானம் நல்லா இல்லை சார்" என்று மூன்று நாள் தள்ளிப்போட்ட என் மாணவர்கள் ஞாபகத்துக்கு வருவார்கள். ஐந்து வாரம் இருந்தால் கதைக்கும் அட்டவணைக்கும் ஒன்றரை வாரம், ஏற்பாட்டுக்கு ஒன்று, படப்பிடிப்புக்கு இரண்டு இரவு, எடிட்டிங்குக்கு ஒரு வாரம், சோதனைக் காட்சிக்கும் திருத்தத்துக்கும் மீதி முழுவதும். மீதியைத் தின்றுவிடாதீர்கள்.

ஆறாம் படி: அனுமதியும் பாதுகாப்பும்

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு குழு முகமூடி போட்ட ஒருவனை இட்டேரியில் இரவு எட்டு மணிக்கு ஓடவிட்டது. கேமரா வேலிக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது முகமூடியும் அலறலும்தான். பத்து நிமிடத்தில் நாற்பது பேர் சூழ்ந்துகொண்டார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தி அப்போது சுற்றிக்கொண்டிருந்தது வேறு. அடி விழாமல் தப்பியது ஒரு பெரியவர் புண்ணியத்தில். எனக்குப் போன் வந்தபோது மணி பத்தரை.

அதனால் இடத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி, கல்லூரிக் கடிதம், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே நேரில் தகவல், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். கத்தி என்றால் அட்டை அல்லது ரப்பர். பொம்மைத் துப்பாக்கியைப் பொது இடத்தில் வெளியே எடுக்க வேண்டாம். குழுவில் ஒருவர் கல்லூரி அடையாள அட்டையோடு எப்போதும் ரோட்டுப் பக்கம் நிற்கட்டும்.

ஓடுகிற தறிக்குப் பக்கத்தில் நடிகர் போகக்கூடாது. நாடா (ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் கட்டை) தெறிக்கும், பெல்ட்டில் துணி மாட்டும். தறி ஓடும் ஷாட்டைத் தறிக்காரரை வைத்துத் தள்ளி நின்று தனியாக எடுங்கள். நடிகர் வரும் ஷாட்டில் தறியை நிறுத்திவிட்டு, ஓடும் சத்தத்தை எடிட்டிங்கில் சேருங்கள்.

ஏழாம் படி: கேமராவும் வெளிச்சமும்

போன் போதும். ஆனால் போனின் தானியங்கி முடிவுகளை அணைக்க வேண்டும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 நொடி. இதற்குக் காரணம் நம் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/50 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைத்து வெளிச்சம் நிலையாக இருக்கும். போன் தானாக வைக்கும் 1/48-லும் 1/120-லும் கறுப்புப் பட்டை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தறிக்கூடம் முழுக்கக் குழல்விளக்குதான், இதை மறந்தால் இரண்டு இரவும் வீண். ஃபோகஸ், வெளிச்ச அளவு, ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்கான நிற அமைப்பு) மூன்றையும் பூட்டிவிடுங்கள். போனோடு வரும் கேமரா செயலி ஃபிரேம் வேகத்தை நடுநடுவே மாற்றும், எடிட்டிங்கில் உதடும் ஒலியும் விலகும். பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் இந்தத் தொல்லை குறைவு.

இருட்டைக் காட்ட வெளிச்சம் வேண்டும். ஆறு குழல்விளக்கில் ஐந்தை அணைத்து, ஒன்றை மட்டும் பின்னால் எரியவிடுங்கள். பையன் முகத்துக்கு ஒரு சின்ன எல்இடி விளக்கை ஒரு பக்கத்திலிருந்து, தெர்மோகோலில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள். வேண்டாத வெளிச்சத்தை மறைக்கக் கறுப்புத் துணி வேண்டும். திருப்பூரில் கட் பீஸ் எடைக்குக் கிடைக்கும், அதைவிட மலிவான சாமான் சினிமாவில் கிடையாது.

வெளியே ராத்திரிக் காட்சி என்றால் சூரியன் மறைந்த பிறகான இருபது இருபத்தைந்து நிமிடத்தில் எடுங்கள். வானம் கருநீலமாக இருக்கும், உருவம் தெரியும். முழு இருட்டில் போன் எடுப்பது புள்ளிக் கோலம்தான்.

எட்டாம் படி: ஒலி

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்வையாளர் பொறுப்பார். ஒலி கெட்டால் எழுந்து போய்விடுவார். திரில்லரில் இது இரட்டிப்பு உண்மை.

தறிச் சத்தத்தை ஆறும் ஓடும்போது பதிவு செய்தால் ஒரே இரைச்சல், போன் மைக் திணறிப்போகும். வார விடுமுறையில் தறிக்காரரிடம் கேட்டு, ஒரே ஒரு தறியை இரண்டு நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஒலி அளவு மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி தள்ளி நின்று, 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள். அப்புறம் இன்னொரு தறி. இப்படித் தனித்தனியாக ஆறு. எடிட்டிங்கில் ஆறையும் ஆறு டிராக்கில் அடுக்கினால் கூடம் முழுக்க ஓடுகிற உணர்வு வரும், வேண்டிய நொடியில் ஒவ்வொன்றாக நிறுத்தவும் முடியும். நிற்கும்போது தறி எழுப்பும் அந்தக் கடைசி 'டக்'கையும் பிடித்துவையுங்கள். உங்கள் பின்னணி இசை இதுதான், வேறு வாங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிட வெற்றொலி, அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம், எடுங்கள். வசனத்துக்கு இன்னொரு போனை நடிகரின் சட்டைப் பையில் வைத்துப் பதிவு செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெளிப்புறப் படப்பிடிப்பு வைத்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கை அறையும். பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை சும்மா நிற்கவில்லை. மைக்கைச் சுற்றி ஸ்பாஞ்சும், அதன்மேல் பழைய கம்பளித் துண்டும் கட்டுங்கள். அப்படியும் அடங்காது என்றால் உள்ளே எடுக்கும் கதையாக மாற்றுங்கள்.

ஒன்பதாம் படி: எடிட்டிங்

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு மாணவர் படத்துக்கு எதேஷ்டம். கம்ப்யூட்டர் திணறினால் குறைந்த தர நகல்களை வைத்து வெட்டி, கடைசியில் அசலுக்கு மாறிக்கொள்ளலாம்.

முதல் வெட்டில் இசை வேண்டாம். இசை போட்டால் மோசமான வெட்டும் நல்லதாகத் தெரியும். தறிகள் நிற்கும் இடைவெளியை ஒரே மாதிரி வைக்காதீர்கள். முதல் தறிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நாற்பது நொடி என்றால், அடுத்து முப்பது, அப்புறம் இருபது, பத்து என்று சுருங்கட்டும். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் மட்டும் மறுபடியும் நீளட்டும். சுருங்கிக்கொண்டே வந்தது திடீரென்று நிற்காமல் ஓடினால், எப்போது நிற்கும் என்று பார்வையாளர் தானே எண்ண ஆரம்பிப்பார்.

கடைசித் தறி நின்றதும் மூன்று நொடி அமைதி. வெற்றொலி மட்டும். அங்கே ஒரு கவுளி (பல்லி) சத்தம் வைக்கலாம். நம் ஊர் ஆட்களுக்கு அது சகுனமும்கூட. விளக்க வேண்டியதே இல்லை.

வேறு படத்துப் பின்னணி இசையை எடுத்து ஒட்டாதீர்கள். காப்புரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இசை வந்ததும் பார்வையாளர் அந்தப் படத்துக்குப் போய்விடுவார்.

பத்தாம் படி: சோதனைக் காட்சி

மதிப்பீட்டின் முதல் பாதி இது. பெரும்பாலான குழுக்கள் கூகுள் ஃபார்ம் ஒன்றை நண்பர்களுக்கு அனுப்பி, "படம் பிடித்ததா? ஒன்று முதல் ஐந்து வரை" என்று கேட்டு, வட்ட வரைபடம் போட்டு ஒட்டிவிடுவார்கள். அந்த வட்டத்தால் ஒரு பயனும் இல்லை. அம்மாவிடமும் கேட்காதீர்கள், "நல்லா இருக்குது கண்ணு" என்பதற்கு மேல் வராது.

கதை தெரியாத எட்டுப் பேரைக் கூப்பிடுங்கள். வகுப்புத் தோழர்கள் பாதிக்கு மேல் வேண்டாம். நாலு பேருக்கு நிறுத்தாமல் காட்டுங்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். யார் எந்த நொடியில் போனைத் தொட்டார், எங்கே முன்னால் சாய்ந்தார், எங்கே சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தார் என்று நேரத்தோடு குறியுங்கள். மற்ற நாலு பேருக்கு மூன்று இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் இந்த மூன்று கேள்விக்கு எழுதச் சொல்லுங்கள்: இப்போது உங்களுக்கு என்ன தெரியும்? பையனுக்கு என்ன தெரியும்? அடுத்து என்ன நடக்கும்? விளக்கம் சொல்லாதீர்கள், வாயைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பிறகு அவர்கள் எழுதியதை உங்கள் தெரிதல் அட்டவணைக்குப் பக்கத்தில் வையுங்கள். நாலில் மூன்று பேர் செருப்பைக் கவனிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1.50-க்குப் பிறகு வரும் தொண்ணூறு நொடியும் அவர்களுக்கு வெறும் தறி. என்ன செய்யலாம்? இரண்டாவது செருப்பு ஷாட்டை இரண்டு நொடியிலிருந்து நாலாக்கலாம். முதல் ஷாட்டையும் நீட்டி, பையனின் நைந்த வார்ச் செருப்பு மனதில் நிற்கும்படி செய்யலாம். வந்தவனின் செருப்பை வேறு நிறத்தில் மாற்றி மறுபடி எடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் செய்து, புதிதாக நாலு பேருக்குக் காட்டுங்கள். பழைய ஆட்கள் இனிப் பயன்படமாட்டார்கள், அவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்துவிட்டதே.

மற்ற குழுவின் படத்தை நீங்கள் மதிப்பிட வேண்டியிருந்தால் மூன்று முறை பாருங்கள். ஒருமுறை சாதாரணமாக. ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு. ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு.

பதினொன்றாம் படி: மதிப்பீட்டுக் கட்டுரை

"இந்தப் படத்தின் மூலம் குழுவாகச் செயல்படக் கற்றுக்கொண்டோம். கேமரா கோணங்கள் பயத்தை உண்டாக்கின." இப்படி ஆரம்பிக்கும் கட்டுரையை எந்தப் படத்துக்கும் ஒட்டலாம், அதனால் அது எந்தப் படத்துக்கும் பொருந்தாது. இதைப் பாருங்கள்: "1.50-இல் பார்வையாளருக்கு ஆபத்து தெரிந்துவிடும் என்று திட்டமிட்டோம். முதல் சோதனையில் நாலில் ஒருவர்தான் கண்டுபிடித்தார். ஷாட்டை இரண்டு நொடி நீட்டினோம். இரண்டாம் சோதனையில் நாலில் மூன்று பேர் கண்டுபிடித்தார்கள். நான்காமவர் செருப்பைப் பார்த்தார், ஆனால் தறிக்காரருடையது என்று நினைத்தார்." எண்ணும் நேரமும் தோல்வியும் இருக்கின்றன. நான் மதிப்பெண் போடுவது இதற்குத்தான்.

வகைமை மரபு, அதாவது இந்த வகைப் படம் என்றாலே வழக்கமாக வருபவை, பற்றி எழுதச் சொல்வார்கள். "பாட்டு இல்லாமல் எடுத்துத் தமிழ்த் திரில்லர் மரபை உடைத்தோம்" என்று எழுதாதீர்கள். எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954-லேயே ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்துவிட்டது. கொலையை ஒவ்வொருவர் பார்வையிலும் மாற்றிச் சொன்ன படம் அது. மரபு என்றால் என்ன என்று ஒரு படத்தையாவது ஷாட் ஷாட்டாகப் பார்த்துக் குறித்து, அதில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதைத் திருப்பிப்போட்டீர்கள் என்று சொல்லுங்கள். நம் கதையில் இருட்டும் தனிமையும் மரபு. மரியாதையான வில்லனும் செருப்பும் நம்முடையது.

யாரை எப்படிக் காட்டினீர்கள் என்ற கேள்வியை இரண்டு வரியில் முடிக்காதீர்கள். திருப்பூர், கோவைப் பிள்ளைகள் எழுதும் கதைகளில் வந்தவன் அடிக்கடி இந்தி பேசும் தொழிலாளியாக இருக்கிறான். ஏன் என்று கேட்டால் "ரியலா இருக்கும் சார்" என்பார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவி, எத்தனையோ பேர் பயந்துபோனார்கள். சில நொடி வீடியோ என்ன செய்யும் என்பதற்கு அதைவிட உதாரணம் வேண்டாம். பயத்தை யார் முகத்தில் ஒட்டுகிறோம் என்பது கதை முடிவு, அதற்கு நீங்கள் பதில் சொல்லத்தான் வேண்டும். ஓடுவது ஏன் எப்போதும் பெண், பெயரையும் பொட்டையும் வைத்துச் சாதியோ மதமோ தெரியும்படி யாரைக் கெட்டவன் ஆக்கினீர்கள் என்பதும் இதே கேள்விதான்.

உங்கள் தனிப் பங்கை "நான்" என்று எழுதுங்கள். ஒலி பார்த்தவர் ஆறு டிராக் அடுக்கியதை ஸ்கிரீன்ஷாட்டோடு காட்டட்டும். தவறிப்போனதையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் எப்படியும் படத்தில் தெரியும்.

பன்னிரண்டாம் படி: ஒப்படைப்பு

1080 தரத்தில் எம்பி4 கோப்பாக, எச்.264 முறையில் வெளியேற்றுங்கள். கோப்புப் பெயரில் குழு எண்ணும் படப் பெயரும் இருக்கட்டும். 'ஃபைனல் ஃபைனல் 3' வேண்டாம். ஒரு நகல் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று கூகுள் டிரைவில்.

ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் வகுப்பறைக்கே போய், அங்கே இருக்கும் புரொஜெக்டரில் முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் அழகாக இருந்த இருட்டு, ஜன்னல் சந்தில் வெயில் வரும் வகுப்பறையில் வெறும் கறுப்புத் திரை ஆகிவிடும். செருப்பு இரண்டு ஜோடியும் பின் வரிசைக்குத் தெரிகிறதா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். தெரியவில்லையென்றால் அந்த ஒரு ஷாட்டை மட்டும் வெளிச்சமாக்கி, ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி வெளியேற்றிவிடலாம். ஜன்னலுக்குக் கட்ட மிச்சமிருக்கும் கட் பீஸையும் எடுத்துப்போங்கள்.